தம்பி வந்த பிரெஞ்சுப் படம்

சிரிப்புப் படம் என்று போஸ்டர் ஒட்டிவிட்டு ஒரு மனிதரையும் சிரிக்க வைக்காதவர்களை என்ன செய்யலாம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எனக்குப் படம் என்றால் உயிர். நல்ல படம் ஓடினால் சோறு கூட வேண்டாம். மோசமான படம் ஓடினால் பக்கத்தில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். முடியும்வரை திட்டிக்கொண்டே பார்ப்பேன், எழுந்து போகவும் மாட்டேன். அப்படி நான் திட்டித் தீர்த்த படங்களில் ஆக மோசமானது ஒரு பிரெஞ்சுக்காரர் எடுத்தது. அதை எங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் கூடி, டீவிக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிப் பார்த்தோம். அதில் என் தம்பி வந்தான்.

கரவனெல்லயிலிருந்து மேலே ஏறினால் வரும் ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் துரைமாருடையது. நாங்கள் அங்கே லயம் என்கிற வரிசை வீடுகளில் பிறந்தோம், அவ்வளவுதான். எங்கள் சின்ன வயதிலேயே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாதான் பால் வெட்டி எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள். நான் பஸாரில் ஒரு பேன்சி கடையில் வேலைக்குப் போனேன். தம்பி சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு அம்மாவுடன் மலைக்குப் போனான். விடியுமுன் ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டிவிட்டு, வெயில் ஏறியதும் சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றி, நிறுக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எங்கள் மலை செங்குத்து. மழை பெய்த மறுநாள் வெறும் ஆளே வழுக்கி விழுகிற பாதை அது. அதில் தம்பி நிரம்பிய வாளியோடு ஓடி வருவான், ஒரு சொட்டு சிந்த மாட்டான். அம்மா அதைப் பழக்கிக் கொடுத்த விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “ஒடம்பு ஆடட்டும்டா, வாளி ஆடக் கூடாது” என்று கத்திக்கொண்டே பின்னால் வருவாள்.

பிறகு எல்லா இளசுகளையும் போல அவனுக்கும் தோட்டம் பிடிக்காமல் போனது. கொழும்பில் கடை, அங்கிருந்து வெளிநாடு. எந்தெந்த நாட்டைத் தாண்டி, எந்தெந்த வண்டிக்குள் படுத்துப் போனான் என்பதை இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. கடைசியில் பாரிஸ் பக்கத்தில் ஒரு ரெஸ்டாரண்டில் சட்டி கழுவுகிறான் என்று தெரிந்தது. இருக்க விடுவார்களா மாட்டார்களா என்ற வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அதனால் அவன் இங்கே வர முடியாது. வந்தால் திரும்பப் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ கோல் எடுப்பான். அந்தக் கோலில் எப்போதும் ஒரே சண்டைதான்.

“எந்திரிச்சு நில்லுடா. முழுசா பாக்கணும்.”

“எதுக்கும்மா? மூஞ்சி தெரியுதுல்ல?”

“மூஞ்சி போட்டோவுலயுந்தான் தெரியுது. நீ எளச்சிருக்கியா பெருத்திருக்கியான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“ரூம்ல ஆள் தூங்குறாங்கம்மா. பொறவு காட்டுறேன்.”

அந்தப் ‘பொறவு’ வரவே இல்லை. ஒரு வாரம் ஆள் தூங்கும், ஒரு வாரம் சார்ஜ் இருக்காது, ஒரு வாரம் வேலைக்கு நேரமாகிவிடும். கட்டிலில் சுவரோடு சாய்ந்து, கம்பளியை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு, முகத்தை மட்டும் போனுக்குள் வைத்திருப்பான். “எம்புள்ளைக்குக் கழுத்துக்குக் கீழ ஒடம்பே இல்லையா?” என்று போனை வைத்த பிறகும் அம்மா புலம்புவாள். தொப்பை போட்டிருக்கும், வெட்கப்படுகிறான் என்று நான் கிண்டல் பண்ணுவேன். அவளுக்குச் சிரிப்பு வராது. மகனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவளுக்கு நேர்த்திக்கடன் மாதிரி ஆகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. தம்பியோடு ஒரே அறையில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பையன் அனுப்பியிருந்தான். ஒரு பெரிய அடுப்படி, ஒரே ஆவி, ஆவிக்கு நடுவே தம்பியின் முகம். கூடவே ஒரு குரல் செய்தி. “அக்கா, உங்கட தம்பி இப்ப நடிகர். இவன்ர ரெஸ்டாரண்டில எடுத்த படம், வெளியில வந்திட்டுது. உங்களுக்குச் சொல்லாமல் ஒளிச்சுக்கொண்டு திரியிறான்.”

நான் கடையில் நின்றபடியே சத்தம் போட்டுச் சிரித்தேன். வளையல் பார்த்துக்கொண்டிருந்த சிங்களப் பெண் பயந்து போய் வளையலை வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தம்பிக்குக் கோல் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மாறியது.

“அத எதுக்கு அவன் சொன்னான்? அக்கா, அதப் பாக்காதீங்க. சப்பப் படம்.”

“நீ நடிச்ச படம் சப்பையா இருந்தா என்னடா?”

“நடிக்கலாம் இல்லக்கா, சும்மா வந்தேன். பாத்தா ஒங்களுக்கே எரிச்சல் வரும். அம்மாவுக்குக் காட்டிராதீங்க.”

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குக் காது கூர்மை. மாவுக் கையோடு ஓடி வந்து போனுக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரே கேள்விதான்.

“அதுல நீ முழுசா வர்றியா?”

கோல் கட் ஆகிவிட்டது. சிக்னல் என்று நினைத்தோம்.

உலகத்தில் எந்த மூலையில் படம் வந்தாலும் அதற்குச் சிங்களத்தில் எழுத்துப் போட்டு நெட்டில் ஏற்றிவிட எங்கள் நாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். புண்ணியவான்கள். யாரும் கேட்காமலே செய்கிறார்கள். இந்தப் படத்தையும் எவரோ ஒருவர் விட்டு வைக்கவில்லை. நான் அதைப் பென்ட்ரைவில் எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டிலேயே அம்மாவும் நானுமாகப் பார்த்துவிடலாம் என்றுதான் என் எண்ணம். ஆனால் அதற்குள் அம்மா பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது வாயை விட்டுவிட்டாள். பீலியில் சொன்னால் போதும், மைக் கட்டிச் சொன்ன மாதிரி. மாலைக்குள் கீழ் டிவிசன்வரை செய்தி போய்விட்டது. நம்ம பால் வெட்டுற அம்மாவோட மகன் வெள்ளைக்காரன் படத்தில் ஹீரோ!

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். “தங்கச்சி, இது ஒங்க குடும்ப விஷயம் மட்டும் இல்ல. தோட்டத்துக்கே பெருமை. ஞாயித்துக்கிழமை பின்னேரம் பிள்ளை மடுவத்துல போடுறோம். டீவிய நான் கொண்டு வர்றேன்.” வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம்தான் பிள்ளை மடுவம். எங்கள் தோட்டத்தில் அதைவிடப் பெரிய அறை கிடையாது. தம்பி சும்மாதான் வருகிறானாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “நம்ம புள்ளைங்களுக்கு அடக்கம் ஜாஸ்தி” என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கும் உள்ளூர ஆசைதான், பொய் சொல்வானேன்.

அந்த ஞாயிறு நல்ல மழை. ஆனாலும் மடுவம் நிறைந்துவிட்டது. தரையில் பாய், பாயில் ஆள், ஆள் மடியில் பிள்ளை. சுவரில் ஒட்டியிருந்த அ, ஆ படங்களுக்குக் கீழே டீவி. அதற்குச் செவ்வந்தி மாலை. கோயில் பூசாரி கற்பூரம் காட்டினார், தேங்காய் உடைத்தார், பால்போல் வெள்ளையாக உடைந்தது என்று எல்லோருக்கும் சந்தோசம். தலைவர் அம்மாவை முன்னால் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். ஆயுசு முழுக்கப் பழைய சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலை ஏறிய பெண் அவள். ஜரிகை போட்ட சால்வையை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். “சரி, தொடங்குவோம்” என்றார் தலைவர்.

நான் டீவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர்கள் பிரெஞ்சில் பேச, கீழே சிங்கள எழுத்து ஓட, நான் அதைப் படித்துத் தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். சிங்களம் பேசாதவர்கள் எங்கள் தோட்டத்தில் கிடையாது. ஆனால் ஓடுகிற வேகத்தில் படிக்கப் பெரியவர்களுக்கு வராது.

ஐயோ, அந்தப் படம்! கடற்கரையில் ஒரு ஹோட்டல். முதலாளி செத்துப் போகிறார். அவருடைய மருமகன்தான் ஹீரோ, சுத்தச் சோம்பேறி. ஹோட்டல் பெட்டகத்தின் சாவி எங்கே என்பது மாமனாரின் கிளிக்கு மட்டும்தான் தெரியுமாம். சரி, கிளியை வைத்து ஏதோ வேடிக்கை வரப்போகிறது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். கிளி போன இடம் தெரியவில்லை. படம் எழுதியவரே மறந்துவிட்டார். ஹீரோ ஒரு பொய் சொல்கிறான், அதை மறைக்க வேறொரு பொய், அதை மறைக்கப் பெண் வேசம். மீசையை வழிக்காமலே சட்டை மாற்றிக்கொண்டு வருகிறான், கட்டிய மனைவிக்கு அடையாளம் தெரியவில்லை! நீச்சல் குளத்தில் விழுகிறான். எழுந்து வந்து மறுபடி விழுகிறான். யாராவது ஒரு ஆள் அவனைப் பிடித்து நிறுத்தி ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒருவரும் கேட்கவில்லை.

ஓரிடத்தில் சமையல்காரன் ஏதோ சொல்ல, படத்தில் இருப்பவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீழே பார்த்தால் எழுத்துப் போட்ட பிள்ளை சிங்களத்தில் இப்படி எழுதியிருந்தது: இந்த இடத்தில் ஏதோ பகிடி சொல்கிறார்கள், எனக்கும் விளங்கவில்லை, மன்னிக்கவும். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். படத்தில் முதன்முதலாக மடுவம் சிரித்தது அதற்குத்தான்.

அம்மா மட்டும் கிளியைக் கேட்கவில்லை, கதையையும் கேட்கவில்லை. புதிய ஆள் ஒருவர் திரையில் வரும்போதெல்லாம் கொஞ்சம் முன்னுக்குச் சாய்வாள், அவனில்லை என்றதும் பின்னுக்குப் போவாள். பிள்ளைகள் அழத் தொடங்கின. ஆம்பிளைகள் சிலர் பீடி குடிக்க எழுந்து வெளியே போனார்கள். “நம்ம காமன் கூத்துக் கோமாளி இதுக்கு எவ்வளவோ தேவல” என்று பக்கத்து லயத்து அக்கா கொட்டாவி விட்டாள். எனக்கு மானம் போயிற்று. என் தம்பிக்காக வந்தவர்களை உட்கார வைத்து இந்தக் கருமத்தைக் காட்டுகிறேனே என்று ஒரே எரிச்சல்.

அப்போதுதான் அவன் வந்தான்.

போலீசுக்குப் பயந்து ஹீரோ ஹோட்டல் அடுப்படிக்குள் ஓடுகிறான். அங்கே ஆவிக்குள்ளிருந்து ஒருவன் பெரிய சூப் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். நீல ஏப்ரன், தலையில் வலை, எங்கள் தம்பி. முழுசாக, தலையிலிருந்து கால்வரை. மடுவம் அதிர்ந்தது. விசில், கைதட்டல், “டேய் நம்மாளுடா!” வெளியே போனவர்கள் மழையோடு உள்ளே ஓடி வந்தார்கள். திரையில் தம்பி நடக்கிறான். வலது காலை ஊன்ற முடியாமல், இடுப்பை ஒரு பக்கம் தூக்கிப் போட்டு, இழுத்து இழுத்து நடக்கிறான். ஹீரோ அவனைப் பார்க்கிறான், கண்ணடிக்கிறான், தானும் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னாலேயே அதே மாதிரி இழுத்து இழுத்து நடக்கிறான், போலீஸ்காரன் வேலையாள் என்று நினைத்து விட்டுவிட வேண்டுமாம். இரண்டு அடிக்குள் ஹீரோவின் சூப் தளும்பித் தன் மேலும் போலீஸ்காரன் மேலும் கொட்டுகிறது. முன்னால் போகிறவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சட்டியோடு கதவைத் தாண்டிப் போய்விடுகிறான். அவ்வளவுதான் என் தம்பி.

மடுவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. வசனம் இல்லாத காட்சி, எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள்.

“திருப்பிப் போடு” என்றாள்.

“போடு போடு!” என்று எல்லோரும் கத்தினார்கள். திருப்பிப் போட்டேன். சிரிப்பு இன்னும் கூடியது. சின்னப் பிள்ளைகள் எழுந்து தம்பி மாதிரி நொண்டி நடந்து காட்டின. “இன்னொருக்கா” என்றாள் அம்மா. டீவிக்கு மிக அருகில் வந்துவிட்டாள். தொங்கிய மாலையைக் கையால் ஒதுக்கிவிட்டுத் திரையின் கீழ்ப்பாதியை மட்டும் பார்த்தாள். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பொன்னாடை தோளிலிருந்து நழுவியதைக்கூட எடுத்துப் போடவில்லை.

மிச்சப் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு கல்யாணம், எல்லோரும் உடுப்போடு குளத்தில் குதித்தார்கள். தலைவர் எழுந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நடையப் பாத்தீங்களா? அசல் நொண்டி தோத்துப் போவான்! நடிகன்னா இவன்தான்மா நடிகன்!” அம்மா கும்பிட்டாள். வந்தவர்கள் எல்லோரையும் வாசலில் நின்று கும்பிட்டு அனுப்பினாள். எங்கிருந்துதான் அந்தப் பொறுமை வந்ததோ.

லயத்துக்கு ஏறும்போது மழை தூறலாகிவிட்டது. பொன்னாடையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். பாதிப் பாதையில் நின்றாள்.

“பின்னால வந்தானே அந்த வெள்ளக்காரன், அவன் நடிக்கிறான். அவன் சட்டி தளும்பிருச்சு. தம்பி சட்டியப் பாத்தியா? ஒரு சொட்டு சிந்தல.”

“அதுக்கு என்னம்மா? அவன் பால் வாளி தூக்கினவன்தானே.”

“அதத்தான் நானும் சொல்றேன். கால்ல ஆணி குத்தி நான் நொண்டிக்கிட்டு வாளி தூக்குனப்போ பாதிப் பால் தரையிலதான் போச்சு. கால் புதுசா நொண்டுனா கைக்கு அது தெரியாது. நாள் கணக்கா, மாசக் கணக்கா அப்படியே நடந்தாத்தான் கை அதுக்குப் பழகும்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “தம்பி நடிக்கலடி. அவன் நடையே அதுதான்.”

கட்டில், சுவர், நெஞ்சுவரை கம்பளி, ஆள் தூங்குறாங்க, சார்ஜ் இல்ல. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்முன் வந்து நின்றன. அந்தப் படத்தில் கிளி பொய், மீசை பொய், கல்யாணம் பொய். ஒருவரும் எழுதிக் கொடுக்காத ஒரே உண்மை என் தம்பியின் கால். அதற்குத்தான் எங்கள் தோட்டமே சிரித்தது. படம் எடுத்தவன் கையில் கிடைத்தால் அந்த நிமிசம் அவனை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து ஈரம் துடைக்கவும் இல்லை, தம்பியின் கோல் வந்துவிட்டது. வழக்கம்போல சுவர், வழக்கம்போல முகம். “பாத்தீங்களாக்கா? நான்தான் சொன்னேனே, சப்பப் படம்னு.”

“டேய், காலுக்கு என்னாடா ஆச்சு?” என்று நான் கத்தினேன்.

அவன் சிரித்தான். “அது நடிப்புக்கா. அவங்க சொல்லிக் குடுத்தாங்க.”

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள். அவளைக் கண்டதும் அவன் முந்திக்கொண்டான்.

“அம்மா, இன்னிக்கு ரூம்ல எல்லாரும் இருக்காங்கம்மா, எந்திரிக்க முடியாது...”

“வேண்டாம் சாமி” என்றாள் அம்மா. “நீ எந்திரிக்காத. இனிமே உக்காந்தே பேசு.”

போனில் முகம் போய்விட்டது. கட்டிலில் வைத்துவிட்டான் போலிருக்கிறது. கூரையும் ஒரு குண்டு பல்பும்தான் தெரிந்தன. முதல் பனிக்காலத்தில் குப்பைத் தொட்டியோடு ரெஸ்டாரண்ட் பின்படியில் வழுக்கி விழுந்தது, வேலை போய்விடும் என்று ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனது, எலும்பு கோணலாகக் கூடியது எல்லாம் பிறகு வந்த ஞாயிறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். அன்று அழுதான். அம்மா அந்தக் கூரையைப் பார்த்தபடியே, தம்பி, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரத்துக்குப் பிறகு குரல் மட்டும் வந்தது.

“அவங்க ஒன்னும் சொல்லிக் குடுக்கலம்மா. எப்பவும் போல நடந்து வான்னுதான் சொன்னாங்க.”